செல்லம்மா தூக்கிப் பிடித்த உலக்கை

அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது செந்தாமரைக்குப் புது வேலை இல்லை. ஆனால், தயவுசெய்து எட்டிப் பாருங்கள் என்று ஒரு பெண் வாணியம்பாடியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி மலைக்கு வந்து கேட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை. கேட்டவள் பெயர் கனீஸ் ஃபாத்திமா. பிசியோதெரபி மேல்படிப்பு படிக்கிறவள். கருப்பு புர்கா, முதுகில் பை, மலைப் பாதையில் ஏறிய மூச்சிரைப்பு. பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் வீட்டில் அன்றாடம் செய்கிற வேலைகளுக்கு உடம்பு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் அவள் படிப்புக்கான ஆராய்ச்சி. மலை ஊரான நெல்லிப்பாறையில் அப்படிப் பிழைத்தவள் ஒருத்திதான். செந்தாமரையின் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"இந்தப் பட்டை அவங்க ரெண்டு கைலயும் இருக்கும்க்கா. உடம்பு எவ்ளோ உழைக்குது, நெஞ்சு எவ்ளோ வேகமா துடிக்குதுன்னு இது சொல்லிடும். ஆனா இன்னா வேலை செஞ்சாங்கன்னு இதுக்குத் தெரியாது. குளிச்சாங்களா, பொடவை கட்னாங்களா, அடுப்பு பத்த வெச்சாங்களா, அத நீங்க பாத்து வாட்ஸாப்புல பேசி அனுப்பணும்" என்றாள் கனீஸ்.

"அடுத்த வூட்டப் பாக்கணுமா? ஐயோ, எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதேம்மா" என்றாள் செந்தாமரை. சொல்லும்போதே, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் படல் ஓரமாகப் புளி உடைக்கிற முறத்தை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் செல்லம்மா வீட்டு முற்றம், அடுப்படி, குளிக்கிற மறைவு வரைக்கும் தெரியும். எங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கமே இல்லாததால் வந்த தேர்ச்சி.

செல்லம்மாவுக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. கால் இழுத்து இழுத்து நடக்கும். கை சும்மா தொங்கும். பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, வாய் முன்னைவிட நீண்டுவிட்டது என்பது செந்தாமரையின் கணிப்பு. அவளிடம் கனீஸ் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்டாள். ஒன்றுமே கஷ்டமில்லை என்றால் பூஜ்யம், உயிர் போகிற கஷ்டம் என்றால் பத்து. பல் விளக்க எவ்வளவு?

"ஒண்ணு."

"பொடவை கட்ட?"

"அது ஏழு. ஒத்தக் கைல கொசுவம் வெச்சுப் பாரு, உன்னுது எவ்ளோன்னு தெரியும்."

கனீஸ் சிரித்துவிட்டாள். பட்டை காட்டியதும் கிட்டத்தட்ட அதேதான். செல்லம்மா தன் உடம்பைச் சரியாகக் கணக்குச் சொல்கிறாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நிறையப் பேர் வீம்புக்குக் குறைத்துச் சொல்வார்களாம், இல்லை என்றால் மகன் பக்கத்தில் இருக்கிறான் என்று கூட்டிச் சொல்வார்களாம்.

செல்லம்மாவின் மகன் தனசேகரனுக்கு ஒடுகத்தூரில் உரக்கடை வேலை. அம்மாவைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவள் விழுந்த நாளிலிருந்தே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். செல்லம்மா வரமாட்டேன் என்றாள். கடைசியில், இந்தப் பெண் அளந்து பார்த்துச் சொல்லட்டும், தனியாக இருக்க உன் உடம்பு தாங்கும் என்றால் இரு, தாங்காது என்றால் மறு பேச்சு இல்லாமல் கிளம்ப வேண்டும் என்று முடிவானது. செல்லம்மா சரி என்று தலையாட்டினாள். அவள் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் தலையாட்டுகிறவள் இல்லை என்பதைச் செந்தாமரை மட்டும் குறித்துக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். செந்தாமரை தினமும் அங்கே நின்று கனீசுக்குப் பேசி அனுப்பினாள். பட்டையின் கணக்கும் அவள் போன் வழியாக அங்கிருந்துதான் போகும். அவள் அனுப்புகிற சேதியில் செல்லம்மா முகம் கழுவியதும் இருக்கும், மேலத்தெரு கலையரசன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு சந்தவாசலுக்குப் போனதும் இருக்கும், பலா இந்த வருஷம் பிஞ்சிலேயே உதிர்வதும் இருக்கும். முகம் கழுவியதைக் கண்டுபிடிக்க கனீஸ் முழுவதையும் கேட்டாக வேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் செந்தாமரை சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டது கனீசின் போனில் தானாகவே தெரிந்துவிட்டது.

"அக்கா, மதியம் பஸ் திரும்பிப் போன பிற்பாடு அம்மா இன்னா செய்றாங்க? நீங்க தூங்குறாங்கன்னு சொல்றீங்க. பட்டையில பாத்தா மூட்டை தூக்கினு மலை ஏறுற மாதிரி காட்டுதே."

செந்தாமரை தொட்டி மேட்டில் நின்றபடி அதை இரண்டு தடவை கேட்டாள். தூங்குகிறாள் என்று சொன்னது பொய். அந்த நேரத்தில் அவள் படல் ஓரம் உட்கார்வதே இல்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்துவிடுவாள். அவள் மட்டும் இல்லை, மதியத்தில் அந்த முற்றத்து வழியாக யாரும் நடப்பதை விட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போனார்கள்.

உலக்கைச் சத்தம்தான் காரணம். செல்லம்மாவும் அவள் கொழுந்தன் பெண்டாட்டி மஞ்சுளாவும் ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடு. நடுவில் ஒரு கொட்டாய், அதில் உரல். இருவரும் சேர்ந்துதான் சாமை குத்துவார்கள். ஜமுனாமரத்தூரில் மிஷின் வந்து ஊரே அங்கே கொண்டுபோய் அரைத்த பிறகும் இவர்கள் விடவில்லை. செல்லம்மா உலக்கை இறங்கும்போது மஞ்சுளா உலக்கை மேலே இருக்கும். அது இறங்கும்போது இது மேலே. செல்லம்மாவுடையது அடியில் புது இரும்புப் பூண் போட்டது, டங் என்று விழும். மஞ்சுளாவுடையது பூண் தேய்ந்தது, தொம். டங், தொம், டங், தொம் என்று மதியம் முழுக்கக் கேட்கும். குத்தி முடித்ததும் ஆளுக்குச் சரிபாதி அளந்து எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

ஆமாம், பேசமாட்டார்கள். தனசேகரன் கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று செந்தாமரை இதுவரை ஊரில் மூன்று பேரிடம் மூன்று காரணம் சொல்லியிருக்கிறாள். ஒருத்தியிடம் சேவல், இன்னொருத்தியிடம் பலா மரம், மற்றவளிடம் பிள்ளையில்லாத மஞ்சுளாவைப் பற்றி யாரோ சொன்ன சொல். உண்மை என்னவென்று அவளுக்கே தெரியாது. நெல்லிப்பாறையில் அவளுக்குக் கிடைக்காமல் போன ஒரே சேதி அதுதான். அந்த வயிற்றெரிச்சலில்தான் மூன்று காரணங்களும் பிறந்தன. பேசவும் கூடாது, பிரியவும் முடியாது என்றால் இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதற்கு உரலை விட்டால் வேறு என்ன சாக்கு இருக்கிறது? மிஷினுக்குப் போனால் அதுவும் போச்சு.

போன மார்கழியில் மஞ்சுளா காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கருமாதி முடிந்த கையோடு தனியாகக் குத்தப் போன செல்லம்மா உரலடியில் விழுந்தாள். 'கூட்டினு போவ வந்தா, பாதிதான் இழுக்க முடிஞ்சுது' என்று ஊரில் சொன்னார்கள். அதை முதலில் சொன்னது யார் என்று விசாரித்தால் செந்தாமரை வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதால் அதை யாரும் விசாரிக்கவில்லை.

செல்லம்மா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மதியத்தில் மறுபடியும் சத்தம் கேட்டது. டங். கொஞ்சம் பொறுத்து, டங். நடுவில் இன்னொன்று கேட்டதா, இல்லை எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி வந்ததா என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பாறைதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொண்டே சுற்று வழியில் போனார்கள்.

கனீஸ் கேட்டதற்குச் செந்தாமரை, "நீயே வந்து பாரும்மா, எனக்குக் கண்ணு சரியா தெரியல" என்று மட்டும் பேசி அனுப்பினாள். அவள் அனுப்பியதிலேயே சின்னச் சேதி அது. கனீஸ் பயந்துபோய் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

இரண்டு பேருமாகக் கொட்டாய்க்குப் போனார்கள். செந்தாமரை அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தாள். வெயில் கொட்டாய்க் கூரை வழியாகப் பொத்தல் பொத்தலாக இறங்கியது. செல்லம்மா கொட்டாய்க் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, வலது கையால் மட்டும் உலக்கையைத் தூக்கினாள். போட்டாள். மறுபடி தூக்கினாள். அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள். தோளும் முழங்கையும் வெடவெடவென்று நடுங்க, நெற்றியில் வியர்வை ஊற, ஏதோ ஒன்று முடியட்டும் என்பதுபோலக் காத்திருந்து, அப்புறம் போட்டாள். எதிரே இடது பக்கம் இன்னொரு உலக்கை கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தது. செல்லம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மஞ்சுளா உயிரோடு இருந்தபோதும் திரும்பியவள் இல்லை.

"அம்மா, எதுக்கு மேலயே புடிச்சுனு நிக்கறீங்க? போட்டுட்டு எறக்கி வெச்சு ரெஸ்ட் எடுங்க. தூக்கிப் புடிக்கறதுலதான் நெஞ்சு எகிறுது" என்றாள் கனீஸ் போனைப் பார்த்தபடி.

செல்லம்மா பதில் சொல்லவில்லை. கனீஸ் குனிந்து உரலுக்குள் கையை விட்டாள். கையை வெளியே எடுத்தபோது விரலில் ஒட்டியிருந்தது சாமையும் இல்லை, உமியும் இல்லை. தூள். அரிசி அரிசியாக இருந்த காலம் எப்போதோ முடிந்து, மாவும் தாண்டி, புழுதி போல ஆகியிருந்தது. அவள் தினமும் அந்த ஒரு பிடியைத்தான் குத்திக்கொண்டிருந்தாள்.

குத்தி முடித்து, கொட்டாய்க்கு வெளியே வந்து உட்கார்ந்ததும் செல்லம்மாவுக்கு வாய் வந்தது. "தண்ணி குடும்மா, வெயில்ல வந்துகீறே" என்று கனீசிடம் பாசமாகப் பேசினாள். கனீஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பத்துக்கு எவ்வளவு?

"நாலு."

"நாலா? இவ்ளோ வேர்த்துக் கொட்டுதே. பட்டையில பாத்தா எட்டுக்கு மேல வரணும். மத்த வேலைக்கெல்லாம் கரெக்டா சொல்வீங்களே."

"இதுக்கும் கரெக்டாதான் சொல்றேன். என் பங்கு நாலு" என்றாள் செல்லம்மா. "உரல்ல எப்பவும் பாதிப் பாதிதான். அவ பங்க நான் எப்படிச் சொல்லுவேன்?"

கனீஸ் போனில் இரண்டு கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வலது கை ஒரு கோடு, இடது கை ஒரு கோடு. வலது கைக் கோடு எகிறும் இடத்தில் இடது கை சும்மா கிடந்தது. வலது கை மேலே நின்று காத்திருக்கும் இடத்தில், அந்த இடைவெளியில், விழுந்துபோன இடது கை ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியிருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அப்படித்தான் இருந்தது.

"நல்ல கை பலமா வேலை செய்றப்ப விழுந்த கை தானா வெட்டி இழுக்கறது உண்டு" என்றாள் கனீஸ். அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலிருந்தது. "ஆனா ரெண்டும் ஒண்ணா இழுக்கணும். மாத்தி மாத்தி இல்ல." பட்டைதான் கெட்டிருக்கும் என்று இரண்டையும் கழற்றி, கை மாற்றிக் கட்டி, செல்லம்மாவை நாலு தடவை குத்தச் சொன்னாள். பட்டை மாறியது. துள்ளல் மாறவில்லை. கனீசின் உதடு மட்டும் அசைந்து எதையோ ஓதிக்கொண்டது.

போவதற்கு முன் அவள் செந்தாமரையிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். பட்டையைவிடச் சுலபமான ஒரு சோதனை இருக்கிறதாம். வேலை செய்யும்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிந்தால் அந்த வேலையை உடம்பு தாங்குகிறது என்று அர்த்தம். பேச மூச்சு இல்லை என்றால் தாங்கவில்லை. குளிக்கும்போது, பெருக்கும்போது, அடுப்பு ஊதும்போதுகூடச் செல்லம்மா பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். உரலில் மட்டும் வாயே திறக்க முடியவில்லை. அந்த வேலைதான் ஆபத்து. மறுபடியும் விழ வைத்துவிடும். பஸ் ஏறியதுமே தனசேகரனுக்குப் போன் செய்து அதையே சொல்லிவிட்டாள்.

இங்கேதான் தப்பு நடந்தது. உரலடியில் செல்லம்மா வாய் திறக்காததற்கும் மூச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த இடத்தில் பேசுவதில்லை என்று அவள் வைராக்கியம் பிடித்து வருஷக்கணக்காகிறது. இது செந்தாமரைக்குத் தெரியும். அன்று சாயங்காலமே தொட்டி மேட்டில் ஏறி நின்று அதைப் பேசி அனுப்பவும் செய்தாள். ஆனால் எடுத்தவுடன் அதைச் சொல்ல அவளால் முடியுமா? சேவலில் ஆரம்பித்து, பலா மரத்தைத் தொட்டு, நடுவே தன் மாமியாரின் இடுப்பு வலியையும் சொல்லி, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். கனீஸ் அதைக் கேட்டு முடிப்பதற்குள் தனசேகரன் ஜீப் பிடித்துவிட்டான்.

மறுநாள் காலையிலேயே ஜீப் வந்து முற்றத்தில் நின்றது. தனசேகரன் சட்டி பானைகளைக் கோணியில் போட்டுக் கட்டினான். கனீசும் கூடவே வந்திருந்தாள். செந்தாமரையின் சேதியை ராத்திரிதான் முழுதாகக் கேட்டிருக்கிறாள். முகத்தில் தூக்கமில்லை.

"சின்னம்மா, நீங்களாவது சொல்லுங்க. கீழ ஃபேன் கீது, பாத்ரூம் கீது, எம் பொண்டாட்டி நதியா கூடவே இருப்பா. இங்க இன்னா கீது? ஒரு உரலு" என்றான் தனசேகரன் செந்தாமரையிடம்.

செல்லம்மா பாயில் உட்கார்ந்து அவன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடவில்லை. அதுதான் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. "வர்றேன்டா. சாமை முடியட்டும்" என்றாள்.

"எந்தச் சாமை? அதான் புழுதியாப் போச்சுன்னு மேடம் சொன்னாங்களே!"

"எனக்கு முடிஞ்சுது. அவளுக்கு முடியலயே." செல்லம்மா புடவைத் தலைப்பை நல்ல கையால் இழுத்துவிட்டுக்கொண்டாள். விறகு தீர்ந்துபோச்சு, உப்பு வாங்க வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னிக்கு நான் வுழுந்தப்ப என் உலக்கை கீழ போய்டுச்சு. அவளுது மேல இருந்துச்சு. என்னுது எறங்கி அப்பால எழுந்தாதான் அவளுது எறங்கணும், அதான் மொறை. நான் கீழ வந்துட்டா அவ தூக்கினது தூக்கினபடியே நிப்பா. எவ்ளோ நாளைக்குன்னு நிப்பா? தூக்கிப் புடிக்கறதுலதான் நெஞ்சு எகிறுதுன்னு இந்தப் பொண்ணே சொல்லுச்சு."

தனசேகரன் கயிற்றை அப்படியே விட்டான். ஜீப் டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். வெயிலில் நின்ற செந்தாமரை இரண்டு அடி பின்னால் போகலாம் என்று பார்த்தாள். போனால் காது கேட்காதே என்று நின்றுவிட்டாள்.

"அண்ணா, ஒரே ஒரு வாட்டி" என்றாள் கனீஸ். "நான் அவசரப்பட்டு உங்களாண்ட சொல்லிட்டேன். மூச்சு இல்லாமதான் பேசலன்னு நெனச்சேன். இந்த அக்கா வேற காரணம் சொல்றாங்க. அம்மா குத்தட்டும். குத்தறப்ப பேசட்டும். பேச முடிஞ்சா உடம்பு தாங்குதுன்னு நானே எழுதித் தர்றேன், இருக்கட்டும். முடியலன்னா கூட்டினு போங்க. நான் தடுக்க மாட்டேன்."

தனசேகரன் யோசித்தான். "பேசும்மா. அவ்ளோதான. பேசிட்டு இங்கயே கெட" என்றான். எந்தப் பதில் வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை.

செல்லம்மா எழுந்து, காலை இழுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். கம்பத்தில் சாய்ந்தாள். உலக்கையை எடுத்தாள். டங்.

"பேசுங்கம்மா" என்றாள் கனீஸ். "எதுனா. இன்னா கொழம்பு வெச்சீங்கன்னு சொல்லுங்க."

செல்லம்மா தூக்கினாள். பிடித்து நின்றாள். வாய் பூட்டுப் போட்டது போல இருந்தது. டங்.

செந்தாமரைக்குத் தாங்கவில்லை. "அக்கா! அவ செத்துட்டாக்கா! யாராண்ட வைராக்கியம்? பேசித் தொலையேன், கீழ இட்டுனு போய்டுவாங்க!"

செல்லம்மா உலக்கையை உரலுக்குள் ஊன்றிவிட்டு, கொட்டாய்க்கு வெளியே வந்து, செந்தாமரையின் காதருகே தாழ்ந்த குரலில் சொன்னாள். உரலடியில் பேசக் கூடாது அல்லவா. "செத்துட்டா, எனக்குத் தெரியாதா? வாய்க்கரிசி போட்டதே நான்தான். மொதல்ல யாரு பேசறதுன்னுதான் இவ்ளோ வருஷம் நின்னோம். செத்தவ வாயத் தொறக்க மாட்டா, இப்ப நான் பேசினா தோத்தது யாரு?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உலக்கையைத் தூக்கினாள்.

இந்தத் தடவை இறக்கவில்லை.

வழக்கமாக ஒரு மூச்சு, இரண்டு மூச்சு நிற்பாள். இப்போது நின்றுகொண்டே இருந்தாள். கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் தோளுக்கு ஏறி, தாடைக்கு ஏறியது. கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது. கனீஸ் போனைப் பார்த்தாள், செல்லம்மாவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "அம்மா, எறக்குங்க. வேணாம், எறக்குங்க!" தனசேகரன் ஓடினான். செல்லம்மா தலையை மட்டும் ஆட்டி அவனை நிறுத்தினாள். கண் உரல் மேலேயே இருந்தது. அப்போதுதான் செந்தாமரைக்கு உறைத்தது. செல்லம்மா தானாக நிற்கவில்லை. அந்தப் பக்கத்து உலக்கை விழுவதற்காகக் காத்திருக்கிறாள். அது விழவில்லை. மஞ்சுளா வேண்டுமென்றே தாமதிக்கிறாள்.

வேலி மேல் இருந்த காக்கை பறந்துபோனது. வியர்வை செல்லம்மாவின் புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க இன்னொரு கை இல்லை.

"போடேன்டி மஞ்சுளா!" என்று கத்தினாள் செல்லம்மா. "எவ்ளோ நேரம்டி தூக்கினு நிக்கறது, கை வுட்டுப் போவுது!"

தொம்.

ஜீப் கதவை டிரைவர் சாத்தினான் என்று தனசேகரன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். டிரைவர் தான் கதவைத் தொடவே இல்லை என்றான். கனீஸ் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது கதவை அல்ல, செல்லம்மாவின் இடது கையை. அது ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

அப்புறம் செல்லம்மாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. டங், "வம்பு புடிச்சவ, சாவறப்பக்கூட ஒரு வார்த்த கேட்டியாடி நீ?" தூக்கினாள், "கஞ்சி கொண்டாந்து வாசப்படில வெச்சேன், யாரு வெச்சதுன்னு தெரிஞ்சுதான குடிச்சே?" டங், "உமி பறக்குது பாரு, தலப்ப இழுத்து மூடு, அப்பால ராவெல்லாம் இருமுவே." மூச்சு விடாமல் பேசினாள். ஒரு சொல்லும் அறுபடவில்லை. பேசுகிறபோது அவளால் உலக்கையை ரொம்ப நேரம் மேலே பிடிக்க முடியவில்லை, தானாகவே இறக்கி ஊன்றிக்கொண்டு பேசினாள், பேசி முடித்துத்தான் தூக்கினாள். கனீசின் போனில் எகிறிக்கொண்டிருந்த கோடு மெல்லச் சரிந்து படுத்தது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "போதும் அண்ணா. தாங்குது. எறக்கி வெச்சு எறக்கி வெச்சு குத்தினா தாங்குது. யாராவது பக்கத்துல இருந்தா போதும்" என்றாள்.

தனசேகரன் கோணியை அவிழ்த்தான். ஒவ்வொரு சட்டியாக எடுத்து அடுப்படியில் இருந்த இடத்திலேயே வைத்தான். அம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொள்ள நினைத்து, கொட்டாய் வாசல் வரை போய், அவள் பேச்சில் குறுக்கே நுழைய இடம் கிடைக்காமல் நின்று, திரும்பி வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டான். கனீசும் ஏறினாள். வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.

யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அது யார் என்று யாரும் கேட்கவில்லை. செந்தாமரை முறத்தை எடுத்துக்கொண்டு வந்து கொட்டாய்க்குக் கொஞ்சம் தள்ளி, ஓட வசதியாக, வழியைப் பார்த்து உட்கார்ந்தாள். பயம் பயம்தான். ஆனால் இத்தனை வருஷத்து ரகசியம் இன்றைக்காவது வாயிலிருந்து விழுந்துவிடாதா? புளியை உடைப்பது போலக் கையை அசைத்துக்கொண்டு காதை மட்டும் நீட்டினாள்.

செல்லம்மா இப்போது கத்தவில்லை. சாதாரணமாகப் பேசினாள். பேசி நிறுத்தினாள். உலக்கையை ஊன்றிக்கொண்டு, இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து, கேட்டாள். "ம்" என்றாள். மறுபடி கேட்டாள். "அப்படியா?" என்றாள். இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. ஒரு தடவை வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே திரும்பிச் செந்தாமரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாக்கா?" என்றாள் செந்தாமரை.

"ஒண்ணுமில்ல. உன்னப் பத்திதான் சொல்லினு கீறா."

எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. "என்னப் பத்தியா? இன்னா சொல்றா?" என்று வாய் கேட்டுவிட்டது.

செல்லம்மா அந்தப் பக்கம் திரும்பி, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். செந்தாமரை முறத்தோடு கொஞ்சம் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். கொட்டாய்க்குள்ளேயே வந்துவிட்டாள். அப்போதும் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.